கைக்குழந்தைக்கு வீட்டுப் பொருள்களே விளையாட்டுப் பொருள்கள்

நடவு, களையெடுப்பு, அறுவடை என்று வேலை மும்முரமாக இருக்கும் நாட்களில் கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வேலையைக் கவனிப்பது நம் கிராமங்களில் வழக்கம். குழந்தை அழாமல் கிடந்தால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் தூளித் துணியையே பார்த்துக் கிடக்கும் குழந்தைக்குப் பார்க்கவும், கேட்கவும், தொடவும், முகரவும் ஒன்றும் கிடைப்பதில்லை.

பிறந்த முதல் ஆண்டில் குழந்தையின் மூளை ஏறக்குறைய இரு மடங்காக வளருகிறது. நாற்றங்காலில் நலிந்த நாற்றை நட்ட பிறகு தேற்றுவது எவ்வளவு கடினம் என்பதை நீங்கள் அறிவீர்கள். குழந்தைக்கு இந்த ஓராண்டே நாற்றங்கால். தாய்ப்பாலும் தடுப்பூசியும் போல விளையாட்டும் இப்பருவத்தில் இன்றியமையாதது. இதற்குக் கடைப் பொம்மைகள் தேவையில்லை. அடுப்படியில் உள்ள பொருள்களே போதும். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிறந்தது முதல் 3 மாதம் வரை

இப்பருவத்தில் குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தொலைவில் உள்ளவையே தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது தாயின் முகம் இந்தத் தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே முதல் விளையாட்டுப் பொருள் உங்கள் முகமே. முகம் பார்த்துப் பேசுங்கள். குழந்தை 'ங்கா' என்றால் நீங்களும் பதில் சொல்லுங்கள். வெள்ளை வேட்டியின் கறுப்புக் கரையைக் கண்ணெதிரே மெதுவாக இடமும் வலமும் நகர்த்தினால் குழந்தையின் பார்வை அதைப் பின்தொடரும்.

விழித்திருக்கும்போது ஜமுக்காளத்தில் சிறிது நேரம் குப்புறப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். நாளொன்றுக்குப் பல தடவையாக மொத்தம் 30 நிமிடம் இவ்வாறு செய்ய வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. இதனால் கழுத்தும் தோளும் வலுப்பெறும். தூங்கும்போது மட்டும் மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும்.

3 முதல் 6 மாதம் வரை

இப்போது குழந்தை கையை நீட்டிப் பொருளைப் பற்றத் தொடங்கும். வழவழப்பான மரக் கரண்டி, சிறிய எவர்சில்வர் டம்ளர், கைத்தறித் துண்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். மரம், உலோகம், துணி மூன்றின் வேறுபாட்டைக் கை தானே கற்றுக்கொள்ளும். ஒரு டம்ளரில் குளிர்ந்த நீரும், மற்றொன்றில் வெதுவெதுப்பான நீரும் ஊற்றி வெளிப்புறத்தைத் தொடச் செய்யலாம். பக்கவாட்டில் இருந்து டம்ளரைக் கரண்டியால் மெல்லத் தட்டினால் ஒலி வரும் திசைக்குத் தலை திரும்பும். பனையோலைக் கிலுகிலுப்பையும் நல்லதே. உள்ளே கல் இருப்பதால் பின்னல் பிரியாமல் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

6 முதல் 9 மாதம் வரை

உட்காரத் தொடங்கிய குழந்தை கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும். இது கெட்ட பழக்கமன்று; வாயால் தான் அது பொருளை ஆராய்கிறது. கழுவிய கிண்ணம், நார் நீக்கி வழவழப்பாகத் தேய்த்த கொட்டாங்கச்சி, மரக் கரண்டி, துண்டு என 4, 5 பொருள்களைக் கூடையில் வைத்து முன்னால் வையுங்கள். தானே எடுத்துப் பார்க்கட்டும். புதினா, கொத்தமல்லி இலைகளைக் கசக்கி மூக்கருகே காட்டிப் பெயரைச் சொல்லுங்கள்.

9 முதல் 12 மாதம் வரை

கிண்ணத்தைத் துண்டால் மூடி, 'எங்கே காணோம்?' என்று கேளுங்கள். குழந்தை துண்டை விலக்கி எடுக்கும். கண்ணுக்கு மறைந்த பொருளும் இருக்கிறது என்ற அறிவு இதனால் உறுதிப்படுகிறது. அடுக்குக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று போடுவதும், தவலைக்குள் கரண்டியைப் போட்டு எடுப்பதும் இவ்வயதிற்கு ஏற்றவை.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

1. நிலக்கடலை, புளியங்கொட்டை, பொத்தான், நாணயம் ஆகியவை மூச்சுக் குழாயை அடைத்துவிடும். 9 மாதக் குழந்தை தரையில் கிடக்கும் ஒரு விதையைக் கூடப் பொறுக்கிவிடும். ஆகவே தானியம் புடைத்த இடத்தை நன்றாகப் பெருக்கிய பிறகே குழந்தையை இறக்கி விடுங்கள்.

2. ஆமணக்கு விதை, குன்றிமணி, மருந்திட்ட விதை ஆகியவை நஞ்சு. அழகாக இருக்கிறதென்று குன்றிமணியைக் கிலுகிலுப்பையில் போடாதீர்கள்.

3. காலியான பூச்சிமருந்து டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் விளையாடக் கொடுக்கக் கூடாது. மருந்து தெளித்தவர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

4. பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக் குழாய் வெந்துவிடலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

5. பிளாஸ்டிக் பை, நீண்ட கயிறு, கண்ணாடி வளையல், பெயிண்ட் உரியும் பொருள் ஆகியவை வேண்டாம். வாளித் தண்ணீர் அருகே குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

தொண்டையில் ஏதேனும் சிக்கி, குழந்தை அழவோ இருமவோ முடியாமல் திணறினால், முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி, முதுகின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். வெளிவராவிட்டால் மல்லாத்தி மார்பின் நடுவே 5 முறை அழுத்துங்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். அதற்குள் மற்றொருவர் 108க்கு அழைக்கட்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள்.

விளையாட்டிலேயே குறையைக் கண்டறியலாம்

3 மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காத குழந்தையையும், 6 மாதமாகியும் ஒலி வரும் பக்கம் திரும்பாத குழந்தையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 'போகப் போகச் சரியாகும்' என்று காத்திருக்க வேண்டாம். காது கேளாமையை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும்.

அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் காட்டும் பழக்கம் இன்று பரவிவிட்டது. இரண்டு வயது நிறையும் வரை அது வேண்டாம். கரண்டியும் கிண்ணமும் கொடுத்துக் கூடவே உட்கார்ந்து பேசுங்கள். தாய் வயலுக்குச் சென்றால் தாத்தா, பாட்டி செய்யலாம். மாலையில் தந்தையும் செய்யலாம். காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் என்று இன்றே தொடங்குங்கள். காசு செலவில்லை, பலனோ வாழ்நாள் முழுதும் நிற்கும்.