ஓசியில் ஒரு வாத்தியார்!

(இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன்)



"மெக்கானிக்ஸ்ல அரியர் விழுந்துடுச்சு, டியூஷன் போகலாம்னா வீட்ல காசு இல்லடா!" ரிசல்ட் வந்த மறுநாள் நம் விடுதியில் எந்த அறைக்குள் நுழைந்தாலும் இந்தப் பேச்சுதான். நம்மில் பலருக்கு வீட்டிலேயே டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நாம்தான். பாடத்தில் சந்தேகம் வந்தால் அப்பாவையோ அண்ணனையோ கேட்க வழியில்லை. ஆனால் இணையத்தில் கட்டணமில்லாத வீடியோ பாடங்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அவை எப்படி வந்தன, எங்கே இருக்கின்றன, எப்படிப் பார்த்தால் மண்டையில் ஏறும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

டி.வி.யிலிருந்து கைபேசிக்கு

திரையில் பாடம் நடத்துவது ஒன்றும் புதுசு இல்லை. 1984 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷனில் யு.ஜி.சி. கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பியது. ஆனால் அதில் ஒரு சங்கடம். டி.வி. சொல்கிற நேரத்துக்கு நாம் போய் உட்கார வேண்டும். புரியாவிட்டால், "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க முடியாது.

2001ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரப்போவதாக அறிவித்தது. 2003ல் நம் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. 2004ல் அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் (இந்தி நடிகர் இல்லை!) தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தூரத்திலிருந்தே கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து கான் அகாடமி ஆனது. 2017ல் மத்திய அரசின் 'ஸ்வயம்' வந்தது. கூடவே 'ஸ்வயம் பிரபா' டி.வி. சேனல்களும் வந்தன. இவற்றை நெட் இல்லாத வீட்டிலும் டிஷ் மூலம் பார்க்கலாம்.

எதை எங்கே தேடுவது?

இன்ஜினியரிங் பாடம் என்றால் என்.பி.டி.இ.எல். இது பெரும்பாலும் டிகிரி மாணவர்களுக்கானது, ஆங்கிலத்தில் நடப்பது. அதற்காகப் பயப்படாதீர்கள். பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. கணக்கில் அடித்தளமே ஆட்டம் கண்டால் முதலில் கான் அகாடமிக்குப் போய்விட்டு வாருங்கள். வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் எல்லாம் ஸ்வயத்தில் இருக்கின்றன. ஏல் பல்கலைக்கழகமும் தன் வரலாற்று வகுப்புகளை அப்படியே படம் பிடித்து இலவசமாக வெளியிட்டது.

"பாலிடெக்னிக் பையனுக்கு வரலாறு எதுக்குப்பா?" என்று கேட்பீர்கள். நீராவி இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1712ல் நியூகோமன் செய்த இயந்திரத்தில் ஒரே சிலிண்டரைச் சூடாக்கி, பிறகு குளிர்வித்து, மறுபடி சூடாக்கினார்கள். வெப்பம் ஏராளமாக வீணானது. வாட் கன்டென்சரைத் தனியாகப் பிரித்து 1769ல் காப்புரிமை வாங்கினார். இது தெர்மல் பாடம்.

அவ்வளவு நிலக்கரியைத் தின்ற நியூகோமன் இயந்திரத்தை யார் வாங்கினார்கள்? கரி மலிவாகக் கிடைத்த சுரங்கக்காரர்கள்தான், அதுவும் தண்ணீர் இறைக்க! இது வரலாறு. பிறகு நீராவியால் சக்கரம் சுழன்றது. ஆற்றங்கரையில்தான் ஆலை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் போனது. நகரங்கள் பெருத்தன, குழந்தைகள் ஆலைக்குப் போனார்கள். 1833ல் பிரிட்டனில் 9 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. இது சமூக அறிவியல். மூன்று பாடத்திலும் இயந்திரம் ஒன்றுதான். மூன்றையும் பார்த்தவனுக்கு அது மறக்கவே மறக்காது.

பார்த்தால் மட்டும் போதுமா?

போதாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். செல்போன் சுரைக்காயும் அப்படித்தான்! வாத்தியார் போர்டில் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். நோட்டை எடுத்தால்தான் தெரியும் சேதி.

ஒரு உதாரணம். 4 மீட்டர் பீம், இரு முனையிலும் தாங்கல், நடுவில் 10 கிலோநியூட்டன் பாரம். வீடியோவில் கணக்கை வாசித்ததுமே நிறுத்திவிடுங்கள். பீமின் சொந்த எடையை விட்டுவிட்டால் இரு பக்கமும் ரியாக்ஷன் 5 கிலோநியூட்டன். நடுவில் பெண்டிங் மொமன்ட் 5 × 2 = 10 கிலோநியூட்டன் மீட்டர். நீங்களே போட்டுவிட்டு வீடியோவைத் தொடருங்கள். விடை தப்பானால் பின்னால் ஓட்டி எந்த வரியில் சறுக்கினோம் என்று பாருங்கள். தூர்தர்ஷன் காலத்தில் கிடைக்காத வசதி இதுதான். அந்த நிறுத்தும் பட்டனைத் தொடாதவனுக்கு வீடியோ பாடமும் சினிமாவும் ஒன்றே.

வரலாற்றுப் பாடத்துக்கு வேறு வழி. அங்கே நிறுத்தி, "இதை எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறார்? கல்வெட்டா, அரசாங்கப் பதிவா?" என்று கேளுங்கள். ஒருவர் பேச்சோடு நிற்காமல் ஒரு புத்தகத்தையும் புரட்டுங்கள்.

100க்கு 3 பேர்!

ஹார்வர்டு, எம்.ஐ.டி. இணைய வகுப்புகளை ஆராய்ந்து 2019ல் ஒரு கட்டுரை வந்தது. 2017-18ல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 100க்கு சுமார் 3 பேர்தான். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் 46 பேர். அங்கேயும் பாதிக்குமேல் கழன்றுகொண்டார்கள். ஆக, பாடம் இலவசம் என்பதாலேயே படிப்பு வந்துவிடாது. ஒரு கட்டாயம் வேண்டும், பக்கத்தில் ஒரு துணை வேண்டும். ஸ்வயத்திலும் பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். பணம் கட்ட முடியாத நாம் நாலு பேராகச் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தக் கட்டாயம் தானாக வந்துவிடும். ஒருத்தன் நிறுத்தச் சொல்வான், ஒருத்தன் கணக்குப் போடுவான், ஒருத்தன் "புரியலடா" என்பான். வீடியோவால் பதில் சொல்ல முடியாத கேள்விக்கு நாலு தலை சேர்ந்தால் பாதி விடை கிடைக்கும். மீதிக்கு மறுநாள் நம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் எல்லோரிடமும் நல்ல போன் இல்லை. இருப்பவனுக்கும் மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துபோகிறது. வாரம் இரண்டு நாள், மாலை ஒரு மணி நேரம், கம்ப்யூட்டர் லேபைத் திறந்துவிடச் சொல்லி முதல்வர் அவர்களிடம் கேளுங்கள். சாவி வாங்கவும் பெஞ்ச் துடைக்கவும் நான் தயார். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நீங்கள் வந்தால் போதும்.

அனைவரும் அரியர் இன்றித் தேற வாழ்த்துக்கள்!