விமானி அறையில் ஒரு மடக்கு இருக்கை

விமானத்துக்குள் காலெடுத்து வைத்ததும் நாம் எல்லோரும் வலது பக்கம் திரும்பி இருக்கை எண்ணைத் தேடப் போய்விடுகிறோம். இடது பக்கம் இருப்பது விமானி அறை. அங்கே இரண்டு விமானிகளின் இருக்கைகளுக்குப் பின்னால், மடக்கி வைக்கிற மாதிரி ஒன்றோ இரண்டோ சின்ன இருக்கைகள் உண்டு. அதற்கு 'ஜம்ப் சீட்' என்று பெயர். இது குதிரை வண்டிக் காலத்துச் சொல். அமெரிக்காவில் வண்டிக்குள் நகர்த்திப் போட்டுக்கொள்கிற உபரி இருக்கையை அப்படிச் சொன்னார்கள். அந்தப் பெயர் மோட்டார் காருக்கு வந்து, கடைசியில் விமானத்திலும் ஏறிவிட்டது. மெல்லிய மெத்தை, நேரான முதுகு, கால் நீட்ட வழியில்லை. ஆனாலும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் நமக்குக் கிடைக்காத இருக்கை அது.

பயிற்சி கொடுப்பவரும் அரசாங்கப் பரிசோதகரும் உட்காருவதற்காக அமைத்த இடம் இது. அவர்கள் வராத நாட்களில் காலியாக இருக்கும் அந்த இடத்தில், வேலை முடிந்து வீடு திரும்பும் இன்னொரு விமானி உட்கார்ந்து போகலாம் என்ற வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியிருக்கிறது. தன் கம்பெனி விமானி மட்டுமல்ல, போட்டிக் கம்பெனி விமானியும் போகலாம். சந்தையில் ஒருவர் பயணியை இன்னொருவர் பறிக்கப் பார்க்கும் கம்பெனிகள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் 'என் ஆளை நீ ஏற்றிக்கொள், உன் ஆளை நான் ஏற்றிக்கொள்கிறேன்' என்று ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கின்றன. வியாபாரியான எனக்கு இதுதான் முதலில் ஆச்சரியமாகப் பட்டது. எங்கள் பாத்திரக் கடைத் தெருவில் எதிர்க் கடைக்காரர் தராசு இரவல் கேட்டால்கூட ஒரு நிமிஷம் யோசிப்போம்!

இந்த வழக்கம் ஏன் வந்தது என்றால், அமெரிக்க விமானிகளில் ரொம்பப் பேர் வேலை பார்க்கிற ஊரில் குடியிருப்பதில்லை. கம்பெனி ஒருவருக்கு நியூயார்க்கைத் தளமாகக் கொடுத்திருக்கும். மனைவி மக்களோ டென்வரில் இருப்பார்கள். தளம் அடிக்கடி மாறும், வாடகை கட்டுப்படியாகாது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்ற முடியாது. ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் விடுமுறைக்கு ஒருதரம் ரயில் ஏறுகிறோம். அவர்கள் மாதத்தில் பல தடவை ஆயிரம் மைல் தாண்டி வேலைக்குப் போய் வருகிறார்கள். கம்பெனியே வேலை நிமித்தமாக அனுப்பினால் அது வேறு கணக்கு. அதை 'டெட்ஹெட்' என்பார்கள். சொந்தப் பாட்டில் வேலைக்கு வருவதும் வீட்டுக்குப் போவதும் அவரவர் பொறுப்பு. அதற்குத்தான் ஜம்ப் சீட்.

எங்கள் சங்க அன்பர் ஒருவரின் மகன் அங்கே விமானியாக இருக்கிறான். மும்பைக்கு வந்திருந்தபோது, "அப்போ டிக்கெட் இல்லாமப் போறீங்கன்னு சொல்லு" என்று வேடிக்கையாகக் கேட்டேன். "இல்ல மாமா, கேட்டுட்டுப் போறோம்" என்றான். பிறகு நானாகத் தேடிப் படித்ததெல்லாம் அவன் சொன்ன அந்த 'கேட்டுட்டு' என்ற சொல்லின் விளக்கமாகவே இருந்தது.

அமெரிக்கச் சட்டப்படி அரசாங்க விமானப் பரிசோதகர் தன் அத்தாட்சியைக் காட்டினால், அவரைத் தடையில்லாமல் விமானி அறைக்குள் விட வேண்டும். அது அவருடைய உரிமை. மற்றொரு விமானிக்கு அந்த உரிமை கிடையாது. ஒப்பந்தம் இருக்கலாம், கம்ப்யூட்டரில் பெயர் பதிவாகியிருக்கலாம், கையில் சீட்டும் இருக்கலாம். அந்த விமானத்தின் கேப்டன் 'சரி' என்று சொன்னால்தான் பயணம். ஆகவே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் வாயிலில் இருக்கும் ஊழியரிடம், அவர் பயணிகள் வேலையை முடிக்கும்வரை காத்திருந்து, அடையாள அட்டையையும் விமானி உரிமத்தையும் மருத்துவச் சான்றையும் காட்ட வேண்டும். பிறகு விமானி அறை வாசலில் நின்று, தன் பெயரையும் கம்பெனியையும் சொல்லி, இன்ன ஊருக்குப் போக வேண்டும், கூட வரலாமா என்று கேப்டனிடம் நேரில் கேட்க வேண்டும். பயணிகள் பகுதியில் இடம் காலியாக இருந்து அங்கே உட்காரச் சொன்னாலும், கேப்டனைப் பார்த்து அனுமதி கேட்காமல் போய் உட்காரக் கூடாது. கேட்காமல் உட்கார்ந்தவனைப் பற்றி விமானிகள் வருஷக்கணக்காகப் பேசுவார்களாம்.

பெரும்பாலான கேப்டன்கள் 'வாருங்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். கதவு மூடும் நேரத்தில் ஒரு விமானி ஓடி வந்தால், வாயில் ஊழியரிடம் தாமே பேசி ஏற்றிக்கொள்வார்கள். எடைக் கட்டுப்பாடு உள்ள நாளில், ஒரு ஆளைக் கூட்ட முடியுமா என்று கணக்கை மறுபடி போடச் சொல்வார்கள். நெடுஞ்சாலையில் வண்டி பழுதாகி நிற்கும் லாரி டிரைவரை, வழியில் போகும் இன்னொரு டிரைவர் காசு வாங்காமல் கேபினில் ஏற்றிக்கொள்வதைச் சரக்கோடு போன நாட்களில் நானே பார்த்திருக்கிறேன். நாளைக்குத் தானும் அப்படி நிற்கலாம் என்பது அந்த டிரைவருக்குத் தெரியும்.

உள்ளே போனபின் விருந்தாளிக்கும் கட்டுப்பாடு உண்டு. பெட்டி வைக்கும் இடத்தில் பயணிகளுக்குத்தான் முதல் உரிமை. மது கூடாது. துணை விமானி பிராணவாயு முகமூடியையும் அவசர வழியையும் காட்டிக் கொடுக்கும்போது, 'இதெல்லாம் எனக்குத் தெரியும்' என்ற பாவனை கூடாது. முக்கியமாக, 10,000 அடிக்குக் கீழே ஏறும்போதும் இறங்கும்போதும் வம்புப் பேச்சு கூடாது. இது வெறும் மரியாதை அல்ல, 1981இல் வந்த அமெரிக்க விதி. அதற்கு முன்னால் 1974இல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று ஷார்லட் நகரில் இறங்கும்போது, விமானிகள் அரசியலும் பழைய கார் விலையும் பேசிக்கொண்டே வந்து உயரத்தைக் கவனிக்கத் தவறினார்கள். 72 பேர் இறந்தார்கள். ஆகவே ஜம்ப் சீட்டில் இருப்பவர் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஓடுபாதையில் வேறு விமானம் குறுக்கே வருவது அவர் கண்ணில் பட்டால் மட்டும், மரியாதை பார்க்காமல் உடனே சொல்ல வேண்டும்.

கேட்டுப் பெறுகிற இடம் என்றால் மறுக்கவும் முடியும் அல்லவா? மறுத்திருக்கிறார்கள். 1983இல் கான்டினென்டல் கம்பெனியிலும் 1989இல் ஈஸ்டர்ன் கம்பெனியிலும் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது கட்டுப்பாட்டை உடைத்து வேலைக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியலைச் சில கேப்டன்கள் பையிலேயே வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்க்காரர் வாசலில் வந்து நின்றால், வருஷங்கள் கழிந்த பின்னும் 'இடமில்லை'தான். இது சரியா என்று கேட்டால், எனக்கு அவ்வளவாக மனம் ஒப்பவில்லை. வீட்டுக்குப் போகிற மனிதனை வாசலில் நிறுத்துவது கொஞ்சம் கடுமைதான். ஆனால் அந்த இருக்கை கம்பெனியின் சொத்தாக அல்ல, விமானிகளின் சொந்த நாணயமாகப் புழங்கியது என்பதை இது நன்றாகக் காட்டுகிறது.

'முகத்தைப் பார்த்துக் கேட்பது' என்பதற்குள் ஒரு பரிசோதனையும் ஒளிந்திருக்கிறது. வந்தவர் தெளிவாக இருக்கிறாரா, குடித்திருக்கிறாரா, பேச்சில் ஏதாவது கோணல் இருக்கிறதா என்று கேப்டன் அரை நிமிஷத்தில் எடை போடுகிறார். ஆனால் இந்தத் தராசு எப்போதும் சரியாக நிற்காது. 1994 ஏப்ரல் 7ஆம் தேதி, மெம்பிஸிலிருந்து சான் ஹோசேக்குப் புறப்பட்ட பெடெக்ஸ் சரக்கு விமானத்தில், அதே கம்பெனியின் விமானப் பொறியாளர் ஒருவர் இப்படி இலவசப் பயணியாக ஏறினார். வேலை போகக்கூடிய ஒரு விசாரணை அவருக்கு மறுநாள் காத்திருந்தது. கிடார் பெட்டிக்குள் சுத்தியல்களும் மீன் வேட்டை ஈட்டித் துப்பாக்கியும் வைத்திருந்தார். மண்டை உடைந்த நிலையிலும் மூன்று பணியாளர்களும் அவரோடு போராடி விமானத்தை மெம்பிஸில் திருப்பி இறக்கினார்கள். உயிர் பிழைத்தார்கள், ஆனால் காயங்களின் விளைவால் மூவரில் ஒருவரும் அந்தத் தொழிலுக்குத் திரும்ப முடியவில்லை.

பிறகு 2001 செப்டம்பர் 11. அன்றோடு வேற்றுக் கம்பெனி விமானிகளுக்கு விமானி அறைக் கதவு மூடப்பட்டது. 2003க்குள் கதவுகளையே குண்டு துளைக்காதவையாக மாற்றினார்கள். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட விமானிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சில வருஷங்கள் கழித்து 'காஸ்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. வாயில் ஊழியர் எண்ணைத் தட்டினால், இந்த ஆள் இன்றைக்கும் அந்தக் கம்பெனியில் வேலையில் இருக்கிறாரா என்பதும் அவர் புகைப்படமும் திரையில் வந்துவிடும். அதன் பிறகே அந்தக் கதவு மறுபடி திறந்தது.

கம்ப்யூட்டர் ஆளின் பெயரைச் சொல்லும், மனசைச் சொல்லாது. 2023 அக்டோபர் 22ஆம் தேதி ஹொரைசன் ஏர் விமானம் ஒன்று எவரெட் நகரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. ஜம்ப் சீட்டில் இருந்த அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானி, நடு வானில் திடீரென்று எழுந்து இரண்டு எஞ்சின்களையும் நிறுத்தக்கூடிய தீயணைப்புப் பிடிகளை இழுக்கப் போனார். தூக்கமில்லாமல், மனம் குலைந்து, போதைக் காளான் சாப்பிட்டிருந்தவர். விமானத்தில் அவரைத் தவிர 83 பேர். இரண்டு விமானிகளும் அவர் கையைப் பிடித்துத் தடுத்து வெளியே அனுப்பி, போர்ட்லாந்தில் பத்திரமாக இறக்கினார்கள்.

இப்படிப் படித்தால் 'எதற்கு இந்த வம்பு, மூன்றாம் ஆளே வேண்டாம்' என்று தோன்றும். ஆனால் பேரேட்டின் வரவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1989 ஜூலை 19ஆம் தேதி யுனைடெட் 232 என்ற டி.சி.10 விமானத்தில் வால் எஞ்சின் வெடித்து, திருப்பும் விசைகள் எல்லாம் செத்துவிட்டன. பயணியாக உட்கார்ந்திருந்த அதே கம்பெனிப் பயிற்சியாளர் டென்னி பிட்ச், உதவலாமா என்று சொல்லி அனுப்பினார். கேப்டன் ஆல் ஹேன்ஸ் அவரை உடனே உள்ளே அழைத்துக்கொண்டார். பிட்ச் மண்டியிட்டு, மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்பினார். சூ சிட்டியில் விழுந்து உடைந்த அந்த விமானத்தில் 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். அங்கேயும் அவர் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று இந்தோனேசியாவில் நடந்தது. 2018 அக்டோபர் 28ஆம் தேதி இரவு, டென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் போன லயன் ஏர் போயிங் 737 மாக்ஸ் விமானத்தின் மூக்கு தானாகக் கீழே சாயத் தொடங்கியது. அன்று விமானி அறையில் மூன்றாவதாக, வேலையில் இல்லாத ஒரு விமானியும் இருந்தார். வால் பகுதியை இயக்கும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டித்து, கையால் சுற்றி ஓட்டி, ஜகார்த்தாவில் இறக்கிவிட்டார்கள். மோட்டாரைத் துண்டிக்கும் யோசனை அந்த மூன்றாமவரிடமிருந்து வந்ததாகப் பிறகு செய்திகள் வந்தன. மறுநாள் காலை அதே விமானம், அதே கோளாறு. மூன்றாவது ஆள் இல்லை. 189 பேரும் இறந்தார்கள். முந்தின இரவு செய்த மாற்றத்தை விமானக் குறிப்பேட்டில் முழுதாக எழுதி வைக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. கடையில் எழுதாமல் விட்ட கடனால் நஷ்டம் நமக்கு மட்டும்தான். அங்கே என்ன ஆயிற்று பாருங்கள்.

இந்த இலவசப் பயணத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, அது களைப்பு. 2009 பிப்ரவரியில் கோல்கன் ஏர் விமானம் பபலோ அருகே விழுந்து 50 பேர் இறந்தார்கள். கேப்டன் தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்றது விசாரணை. ஆனால் துணை விமானி முந்தின ராத்திரி முழுவதும் சியாட்டிலிலிருந்து மெம்பிஸ் வழியாகச் சரக்கு விமானங்களில் நியூவார்க் வந்து சேர்ந்தவர் என்பதும் அந்த அறிக்கையில் இருக்கிறது. சக விமானி அன்போடு இடம் கொடுக்கலாம், தூக்கத்தைக் கொடுக்க முடியாதே.

நம் நாட்டிலும் 2023இல் இது பேச்சாயிற்று. பிப்ரவரி மாதம் துபாயிலிருந்து டெல்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில், பயணியாக வந்த தெரிந்த ஒருவரைக் கேப்டன் விமானி அறைக்குள் அழைத்தார். விமானப் போக்குவரத்து இயக்ககம் கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, கேப்டனின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது. 'ஒரு நிமிஷம் உள்ளே வந்தால் என்ன' என்று நம்மில் சிலர் கேட்டோம். நான் இதுவரை சொன்னதோடு வைத்துப் பார்த்தால் அந்தத் தண்டனை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே உள்ளே வருபவர் கேட்கவும் இல்லை, அவர் யார் எவர் என்று வாசலில் எவரும் சரிபார்க்கவும் இல்லை. கேப்டன் தன் நட்புக்காகக் கதவைத் திறந்தார், அவ்வளவுதான்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் நம்மில் அதிகமாகிவிட்டோம். உள்ளூர் விமானம் ஏறும்போது, சீருடையில் ஒருவர் கையில் பெட்டியோடு, பயணிகள் கடந்து போகட்டும் என்று ஒதுங்கி, இடது பக்கக் கதவருகே தலையை லேசாகச் சாய்த்து உள்ளே பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் அவரை ஏற்கெனவே அனுமதித்திருக்கும். அவர் கேப்டனிடம் கேட்டுக்கொண்டிருப்பார்.