மலிவு விலை துப்பாக்கி: ஏழையின் பாதுகாப்பா, வீட்டுக்குள் ஆபத்தா?

அமெரிக்காவில் மலிவு விலை கைத்துப்பாக்கிகளுக்கு ‘சாட்டர்டே நைட் ஸ்பெஷல்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. இவற்றால் நன்மையா, தீமையா?

ஆதரவாளர்களின் வாதம் சிம்பிள். நைட் ஷிஃப்ட் முடிச்சு, திருட்டு பயமுள்ள தெருவில் வீடு திரும்பும் ஏழைக்கும் தற்காப்பு வேணும். விலை உயர்ந்த துப்பாக்கிக்கு மட்டும் அனுமதி என்றால், அந்த உரிமை பணக்காரர்களுக்கு மட்டும்தானா?

சிக்கல் தயாரிப்பில் இருக்கு. எஃகுக்குப் பதிலாகத் துத்தநாகக் கலவையை அச்சில் வார்க்கிறார்கள். செலவு மிச்சம், ஆனால் உறுதி குறைவு. தோட்டா சிக்கிக்கொள்ளும். சில மாடல்கள் கீழே விழுந்தாலே சுடும் அபாயமும் உண்டு.

1968 சட்டம் இவற்றின் இறக்குமதியைத்தான் தடுத்தது, உள்நாட்டுத் தயாரிப்பை அல்ல. விளைவு, லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றிப் புதிய நிறுவனங்கள் முளைத்தன.

அப்படி வந்த ஒரு மாடலில், தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டி லாக்கைத் திறக்கணும். 1994ல் அப்படி எடுக்க முயன்றபோது குண்டு பாய்ந்து, 7 வயதுச் சிறுவனின் கை, கால்கள் செயலிழந்தன. 2003ல் ஜூரி, வடிவமைப்பும் காரணம் என்று தீர்ப்பளித்தது. நிறுவனம் திவாலானது.

கலிஃபோர்னியாவில் 2001 முதல், புதிய மாடல்கள் கீழே போட்டுப் பார்க்கும் சோதனையில் பாஸ் ஆகணும். விலை எவ்வளவு என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. விழுந்தால் சுடுமா என்பதுதான் கேள்வி.