இல்லத்தில் காக்கப்படும் விசுவாசம்



1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் கைமாறின. 1687இல் புனித யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகச் சென்ற அவர், அதனைக் கண்டு முகம் மலர்ந்தோரைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார் என அவரது வரலாறு கூறுகின்றது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்! ஆலயமின்றி, மறைக்கல்வி வகுப்பின்றி ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. ஆயினும் சில்லாலையில் அவர் விசுவாசிகளைக் கண்டார். அவர்களது விசுவாசத்தைக் காத்து வைத்தது வீடுதான்.

இன்று நமக்கு ஆலயங்கள் உள்ளன. ஞாயிறுதோறும் மறைக்கல்வியும் நடைபெறுகின்றது. அதனாலேயே, பிள்ளைகளின் விசுவாசத்தை அருட்சகோதரிகளிடமும் மறையாசிரியர்களிடமும் ஒப்படைத்துவிட்டு நாம் ஓய்ந்துவிடுகின்றோம். வாரத்தில் ஒரு மணிநேரம் கற்பிப்பவர், மீதி நாட்களில் வீட்டில் காணப்படாத ஒன்றை எவ்வாறு ஊட்ட முடியும்? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை எனக் குறிப்பிட்டு, பெற்றோரே பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதல் அறிவிப்பாளர்கள் என்று கற்பித்தது.

எங்கே தொடங்குவது? பிள்ளை பாடசாலைக்குப் புறப்படும்போது அதன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையுங்கள். அதற்குக் குருப்பட்டம் தேவையில்லை. உணவுக்கு முன் ஒரு நன்றி மொழி கூறுங்கள். மாலையில் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசிகளையும் சற்றே ஓய்வெடுக்க விடுங்கள். களைத்து வரும் சிறுவரை அதட்டி, ஐம்பத்து மூன்று மணிகளையும் முழந்தாளில் சொல்ல வைப்பதால் செபத்தின்மீது வெறுப்பே வளரும். ஒரு பத்து மணி போதும். ஆனால் அது நாள்தோறும் நடைபெற வேண்டும். பிறநாட்டில் வாழும் மகனோ மகளோ வட்ஸ்அப் வழியாக அந்த நேரத்தில் இணைந்துகொள்ளும் வீடுகள் இன்று பல. அங்கே நண்பகலாக இருந்தாலென்ன?

ஒன்றை மட்டும் அழுத்திக் கூற விரும்புகின்றேன். காணிப் பிணக்கினால் உடன்பிறந்தோருடனோ, சிறு சச்சரவினால் ஒருவரோடொருவரோ பேசாதிருக்கும் பெற்றோர், கர்த்தர் கற்பித்த செபத்தில் மன்னிப்பைக் கேட்கும் இடத்திற்கு வரும்போது பிள்ளைகள் அவர்களது முகத்தையே பார்க்கின்றார்கள். அன்றிரவே சமாதானம் பேசும் தந்தை, பத்து மறையுரைகள் சொல்லாததைச் சொல்லிவிடுகின்றார். கணவனும் மனைவியும் ஒவ்வோர் இரவும் ஒருவரையொருவர் ஆசீர்வதிப்பது நல்லது எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பங்களுக்கென வெளியிட்ட ஊக்கவுரையில் எழுதியதும் இதனை எண்ணியே போலும்.

செபத்தின் இறுதியில் பெயர்களைச் சொல்லுங்கள். நோயுற்ற அயலவர், பரீட்சை எழுதும் பிள்ளை, வேலை தேடும் மகன், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை கொண்டுசென்றவர்கள், போரில் நாம் இழந்தவர்கள் என எவரையும் விட்டுவிடாதீர்கள். போரின்போது காணாமற்போன பிள்ளையை இறந்தோருக்கான மன்றாட்டில் சேர்ப்பதா, உயிருள்ளோருக்கான மன்றாட்டில் சேர்ப்பதா எனத் தாய்மார் கேட்பதுண்டு. அம்மா, பெயரை மட்டும் சொல்லுங்கள். பிள்ளை எங்கே என்பதை இறைவன் அறிவார். அந்தப் பெயர் உங்கள் வீட்டில் ஒவ்வொரு மாலையும் ஒலிக்கட்டும்; அண்ணனை நேரில் கண்டிராத இளைய பிள்ளையும் உங்களோடு சேர்ந்து அதனைச் சொல்லட்டும்.