பட்டப்பெயரும் படக்கதையும்

மக்தபுக்கு ஓத வரும் ஆறு வயதுப் பிள்ளையிடம் பெயர் கேட்டால், அத்தா வைத்த பெயரைச் சொல்லும். உடனே பக்கத்திலிருக்கும் பிள்ளை, "ஹஜ்ரத், அவன் பேரு கட்டையன்" என்று சொல்லிவிடும். கருப்பி, திக்குவாயன், சோடாபுட்டி... சோழபுரமானாலும் இராஜபாளையமானாலும் இதுதான் நிலை. பெரியவர்களும் சிரித்துவிட்டுப் போகிறோம்.

பரிகாசத்தையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் குர்ஆன் (49:11) தடை செய்கிறது. ஜும்ஆ பயானில் இதைச் சொன்னால் பெரியவர்களுக்குப் புரியும். பிள்ளைக்குக் கதைதான் புரியும்.

ஸாஹிர் (ரலி) கிராமத்திலிருந்து மதீனாவுக்கு வந்து போகும் எளிய மனிதர், அழகான தோற்றம் இல்லாதவர். ஒருநாள் அவர் கடைத்தெருவில் பொருள் விற்றுக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் பின்னால் வந்து கட்டிப்பிடித்தார்கள். இந்த அடிமையை யார் வாங்குவார் என்று வேடிக்கையும் செய்தார்கள். என்னை விற்றால் விலை போகமாட்டேனே என்றார் ஸாஹிர். அல்லாஹ்விடம் நீர் விலைமதிப்பு மிக்கவர் என்று நபியவர்கள் பதில் சொன்னார்கள். அஹ்மதிலும் திர்மிதியின் ஷமாயிலிலும் இது பதிவாகியிருக்கிறது.

நபியையும் தோழர்களையும் நாம் வரைவதில்லை. அதனால் இதை வாயால்தான் சொல்ல வேண்டும். படத்தோடு சொல்ல வேறு கதைகள் உண்டு. 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் படநூல்கள் வெளியிடுகிறது. அதில் ஸாய் விட்டேக்கர் எழுதிய 'கண்ணா பன்னா' ஒன்று. அதிகம் பேசாத சிறுவன் கண்ணா, உறவினர்களோடு குகை பார்க்கப் போகிறான். உள்ளே விளக்கு அணைந்துவிடுகிறது. மற்றவர்கள் தடுமாற, அவன்தான் வழிகாட்டி வெளியே கூட்டி வருகிறான். பார்வையில்லாத பிள்ளைக்கு இருட்டு புதிதல்லவே!

நல்ல கதைதான். ஆனாலும் கண்ணாவின் மதிப்பு அவன் உதவிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிகிறது. ஸாஹிர் எதையும் சாதித்துக் காட்டவில்லை, அதற்கு முன்பே அணைக்கப்பட்டார். பிள்ளைக்கு இரண்டையும் சொல்லுங்கள். முதல் மார்க் வாங்கினால்தான் வீட்டில் மதிப்பு என்று நினைக்கும் பிள்ளைக்கு ஸாஹிரின் கதை கட்டாயம் தேவை.

படம் கூடுமா என்று சிலர் கேட்பார்கள். உயிருள்ளவற்றை வரைவதில் உலமாக்களிடையே கருத்துவேறுபாடு உண்டு. ஆனால் ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மை வைத்து விளையாடியதை நபியவர்கள் தடுக்கவில்லை (புகாரி, முஸ்லிம்). இதை வைத்துக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுக்குப் பல அறிஞர்கள் விலக்கு அளித்துள்ளனர். படநூலையும் அதோடு சேர்த்துப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

காசு பெரிய தடையில்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். மில் ஷிப்டு முடிந்து அலுத்து வரும் தாய்க்கும் பத்து நிமிடம் போதும். பிள்ளையை மடியில் வைத்து வாசியுங்கள். நடுவில் நிறுத்தி, "நீ அங்க இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேளுங்கள். "பாத்தியா, நீயும் இப்படி இருக்கணும்" என்று மட்டும் முடிக்காதீர்கள். அடுத்த நாள் கதை கேட்க வராது.