பாப்பா முகத்தில் நிழல் இருக்கட்டும்

வடசென்னையின் கல்மண்டபத்துத் தெருக்களில் காலை ஏழு மணி வெயில் காசிமேட்டுக் கடல் பக்கமிருந்து சாய்வாக விழும். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் நிழல். பென்சிலில் முகம் வரைய இதைவிட நல்ல நேரம் கிடையாது. உச்சி வெயிலில் கண்குழி இருண்டுவிடும். செல்போன் ஃபிளாஷில் முகமே தட்டையாகிவிடும்.

பெரியவர் முகத்தைவிடக் குழந்தை முகம் கடினம். சுருக்கம் இல்லை, துருத்தும் எலும்பு இல்லை. கோட்டை எங்கே போடுவது? பெரியவர்களுக்குத் தலையின் பாதி உயரத்தில் இருக்கும் கண், குழந்தைக்கு அதற்கும் கீழே இருக்கிறது. மேலே எல்லாம் நெற்றிதான். அந்த நெற்றியின் திரட்சியையும் கன்னத்தின் உப்பலையும் ஷேடிங்தான் காட்டியாக வேண்டும். வெளிச்சம் மெல்லக் குறைந்து, அடர்ந்து, தாடை ஓரத்தில் மறுபடி லேசாக வெளுக்கும். சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளி அது. அதை விட்டுவிட்டால் கன்னம் உருண்டையாகத் தெரியாது.

ஷேடிங் போடப் பென்சிலுக்குக் குறையில்லை. 1795-ல் பிரான்ஸில் கோன்டே என்பவர் கிராஃபைட்டோடு களிமண்ணைக் கலந்து சுட்டார். அந்தக் கலவையின் அளவை மாற்றித்தான் எச்பி, 2பி, 6பி என்று கறுப்பில் இத்தனை படிகள் வந்தன. இத்தனை இருந்தும், நம் குழந்தைகளை வரையும்போது மட்டும் ஏன் கை கூசுகிறது?

போட்டோவைக் கொடுத்து பென்சில் ஓவியம் கேட்கும் பெற்றோர் பலர் சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, பாப்பா மூஞ்சில இவ்ளோ கருப்பு வேணாம்ணா, கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்க." உடனே ரப்பர் வேலை செய்கிறது. நிழலோடு மூக்கும் போகிறது, தாடையும் போகிறது. கேட்டபடி கொடுப்பதுதான் தொழில் என்பவர்களும் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. தன் வீட்டுச் சுவரில் தன்னைவிட வெளுத்த ஒரு முகத்தைத் தன் பெயரில் தினமும் பார்த்து வளரும் பிள்ளை என்ன நினைக்கும்?

ஓவியப் பள்ளிகள் பலவற்றில் ஷேடிங் பழக்கம் வெள்ளைப் பிளாஸ்டர் சிலையில் தொடங்குகிறது. அங்கே தாளின் வெள்ளையே தோலின் நிறம். கறுத்த முகத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. முதலில் முகம் முழுக்க 2பி-யில் ஒரு நடுத்தர நிறம் போட வேண்டும். அதற்குமேல் நிழலை அடர்த்தியாக்கி, நெற்றியிலும் மூக்கு நுனியிலும் ரப்பரால் வெளிச்சத்தை எடுக்க வேண்டும். கறுத்த தோலில் அந்த மினுமினுப்பு இன்னும் எடுப்பாகவே தெரியும்.

பிள்ளையை வரையக் கொடுப்பவர்களே, ஃபிளாஷும் ஃபில்டரும் இல்லாமல், காலை வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கொடுங்கள். நிறத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.