ஹைட்ரஜனும் நமது தண்ணீரும்

முத்துக்கும் உப்புக்கும் பெயர்பெற்ற தூத்துக்குடியில், வ.உ. சிதம்பரனார் துறைமுகத்தில், 2025 செப்டம்பரில் சிறிய பசுமை ஹைட்ரஜன் நிலையமொன்று தொடங்கப்பெற்றது. இதனால் நமக்கென்ன என்று அங்கத்தினர் வினவலாம்.

சூரிய ஒளியாலோ காற்றாலோ பெற்ற மின்சாரத்தைத் தண்ணீரிற் செலுத்தினால், அது ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரியும். எரிபொருள் கலத்தில் இவ்விரண்டும் மீண்டும் கூடுங்கால் மின்சாரம் பிறக்கும், புகை இராது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு உதவவே இந்நிலையம் அமைந்தது.

இத்தொழிலை வளர்க்கும் பொறுப்பு மத்திய அரசாங்கத்தின் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தைச் சார்ந்தது. 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு ரூ. 19,744 கோடி வகுக்கப்பட்டது. 2030க்குள் ஆண்டொன்றுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி செய்வது அதன் குறிக்கோள்.

ஹைட்ரஜனோடு காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்தே அம்மோனியாவும், அதிலிருந்து யூரியாவும் செய்கின்றனர். இன்று அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இறக்குமதியாகும் எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. உள்நாட்டிலேயே அது கிடைக்குமாயின், உரத்துக்குப் பிறநாட்டை எதிர்நோக்கும் நிலை குறையும்.

எனினும், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் தூய நீர் செலவாகும். வாழைக்கும் நெல்லுக்கும் சாயத்தொட்டிக்கும் தாமிரபரணியையே நம்பியுள்ளோம். ஆகவே, வரவிருக்கும் பெரிய ஆலைகள் கடல்நீரைச் சுத்திகரித்தே இயங்கவேண்டுமென நமது சங்கங்கள் இப்பொழுதே தீர்மானம் இயற்றி அதிகாரிகளுக்கு அனுப்புதல் நலம்.